ஹாட்ஸ்பாட்டில் மூணாவது ஆள்

கார் ஓட்டும்போது எனக்குப் பேசிக்கிட்டே இருக்கணும். வாயை மூடினா கண்ணும் சேந்து மூடிக்கும். அதனால அம்மா வீட்டை விட்டுக் கிளம்பின நிமிஷத்துலேருந்து நான் பேசிக்கிட்டேதான் வந்தேன். என் சிநேகிதி நடத்தற பெண்கள் ஹாஸ்டல் எந்த ஊர், எந்தத் தெரு, அங்க தங்கச்சிக்கு என்ன வேலை, குட்டியை எந்த ஸ்கூல்ல சேக்கப் போறோம், எல்லாத்தையும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டுல தங்கச்சி "ம்... ம்..."னு கேட்டுக்கிட்டிருந்தா. பின்னாடி அவ பொண்ணு, எங்க குட்டி, போற வர்ற லாரிக்கெல்லாம் கையசைச்சுக்கிட்டிருந்தா.

ஊர் சுத்தக் கிளம்பலை. தங்கச்சி புருஷன்கிட்டேருந்து தப்பிச்சுப் போய்க்கிட்டிருந்தோம்.

அவனைத் தெருவுல எல்லாரும் பாஸ்னுதான் கூப்பிடுவாங்க. அவனும் அதைத்தான் விரும்புவான். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டித் தர்றது தொழில். சொந்த வீட்லயும் மாட்டினான். வாசல்ல ஒண்ணு மாட்டினா யாரு வேண்டாங்கறா? சமையல்கட்டுல ஒண்ணு, படுக்கையறை நிலைக்கு மேல ஒண்ணு. தங்கச்சி மத்தியானம் அசந்து கொஞ்சம் உக்காந்தாக்கூட கடையிலேருந்து போன் வந்துடும், "என்ன, ராணியம்மாவுக்கு ரெஸ்டா?"ன்னு. போன மாசம் அவ கையை முறுக்கினதுல மணிக்கட்டு பிசகிடுச்சு. ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தா இந்த மகராசி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளையே ரெண்டு சாத்தலாம்போல இருந்துச்சு.

அவ வாயைத் திறக்காததுக்குக் காரணம் குட்டிதான். "நீ எங்க வேணா போ. தேடி வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் அவ மூஞ்சியைப் பாக்க மாட்ட"ன்னு சொல்லியிருக்கான். சொன்னதைச் செய்யற ஆளு அவன். ஒரு தடவ குட்டியைக் கூட்டிட்டுப் போய் எங்க வச்சிருக்கேன்னே சொல்லாம ரெண்டு நாள் இவளை அழவிட்டவன்.

அதனால, அம்மா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்தா. அங்கேருந்து நான் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். தங்கச்சி போன்ல இருந்த சிம்மைக் கழட்டி அம்மா வீட்டு சர்க்கரை டப்பாக்குள்ள போட்டோம். அவ போனுக்கும், குட்டி பொம்மைப் படம் பாக்கற டேப்லெட்டுக்கும் நெட் வேணும்னா என் போனோட ஹாட்ஸ்பாட்தான். என் போனைக் கார்லயே சார்ஜ்ல போட்டு ஹாட்ஸ்பாட்டை அணைக்காமலே வச்சிருந்தேன். நம்மகிட்ட இவ்வளவு புத்தியான்னு எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

குட்டி மட்டும் அப்பப்ப சிணுங்கிக்கிட்டே வந்தா. "பெரியம்மா, சீட்டு சுடுது."

"வெயில்ல கிடந்த காரு, சுடாம என்ன பண்ணும்? நகந்து உக்காரு" அப்படின்னேன். அவ உக்காந்திருந்தது நான் தச்ச திண்டு. எனக்கு சோபா மெத்தை, ஜன்னல் திரை தைக்கற தொழில். குட்டிக்கு ஜன்னல் எட்டணும்னு கெட்டி ஃபோம் வச்சு அதை மிஷின்ல தச்சுக் குடுத்திருந்தேன். கிளம்பற அன்னிக்குக்கூட அம்மா அதோட உறையைத் துவைச்சு, திரும்ப மாட்டி, அவங்களே கார்ல கொண்டு வந்து வச்சாங்க.

அந்த அம்மாகிட்ட ஒரு அதிசயம் நடந்துச்சு. நான் தெருமுனைக்குப் போனாக்கூட "எங்கடி இருக்க, எங்கடி இருக்க"ன்னு பிராணனை வாங்கறவங்க, இந்தப் பயணத்துல ஒரு தடவகூட அதைக் கேக்கலை. போன் வரும். சாப்டீங்களா, குட்டி தூங்கினாளா, அவ்வளவுதான். முதல் நாள் எங்கயும் நிறுத்தாம ஓட்டிக்கிட்டே "சாப்டோம்மா"ன்னேன். "பொய் சொல்லாதடி"ன்னு உடனே வந்துச்சு பதில். நான் பொய் சொன்னா என் குரல் ஒரு படி மேல ஏறுமாம். சின்ன வயசுலேருந்து ஒரு பொய்கூட அவங்ககிட்ட செல்லுபடியானதில்லை.

ரெண்டாவது நாள் பேய் மழை. வைப்பர் போட்டும் ரோடு தெரியலை. மத்தியானமே ஒரு லாட்ஜ்ல நிறுத்தி மாடியில ரூம் போட்டோம். ஜன்னலுக்கு நேர் கீழ எங்க கார் நின்னுச்சு. குட்டி படுக்கையில குதிச்சுக்கிட்டிருந்தா. நான் ஈரத் தலையைத் துவட்டிக்கிட்டு போனை எடுத்தேன். மெசேஜ் வந்திருந்துச்சு. உங்க டேட்டா கிட்டத்தட்ட தீர்ந்துடுச்சாம்.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. அது முழு மாசத்துக்குப் போட்டது. வாட்ஸப்ல துணி டிசைன் அனுப்பற அளவுக்கு மேல நான் எதுவும் பாக்கறதில்லை. மாசம் பாதிகூட ஆகலை.

"ஏண்டி, குட்டி என்ன ராத்திரி பகலா படம் பாக்கறாளா?"

"இல்லக்கா. அவ பாக்கறதெல்லாம் ஊர்லயே டவுன்லோட் பண்ணி வச்சது. நெட்டே வேண்டாம்."

"அப்ப நீ?"

"நான் போனைத் தொடவே இல்லியே."

செட்டிங்ஸ்க்குள்ள போய் எது எவ்வளவு தின்னிருக்குன்னு பாத்தேன். வாட்ஸப் கொஞ்சம். மேப் கொஞ்சம். மிச்சம் அத்தனையும் ஹாட்ஸ்பாட். அதாவது என் போன் தின்னலை. என் போன்லேருந்து வாங்கி வேற யாரோ தின்னிருக்காங்க.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. வந்ததை வாய்க்குள்ள வச்சுக்கத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?

"உண்மையைச் சொல்லு. அவன்கூட வீடியோல பேசறியா நீ?"

தங்கச்சி என்னை நிமிந்து பாத்தா. கோபமே வரலை அவளுக்கு. அதுதான் எனக்கு வலிச்சுச்சு. "அவர் குரலைக் கேக்கக் கூடாதுன்னுதானேக்கா கிளம்பி வந்தேன். நான் எதுக்குப் பேசறேன்?"ன்னு சொல்லிட்டுத் தன் போனை என் கையில குடுத்தா. ஆன் பண்ணிப் பாத்தேன். ஒண்ணுமே இல்லை. கிளம்பினதுலேருந்து அவ அதை ஆன்கூட பண்ணலை.

"சரி விடு, என் வாய்ல கொள்ளிய வைக்க"ன்னு சொல்லிட்டு, ஹாட்ஸ்பாட்ல யாரெல்லாம் சேந்திருக்காங்கன்னு திறந்து பாத்தேன். குட்டியோட டேப்லெட் இருந்துச்சு. தங்கச்சி போன் இப்பதான் ஆன் ஆனதால அதுவும் வந்து சேந்துச்சு. மூணாவதா ஒண்ணு இருந்துச்சு.

பாஸ்.

ஈரக்குலை நடுங்கறதுன்னு சும்மா சொல்லுவோம். நிஜமாவே உள்ள ஏதோ ஒண்ணு அப்படியே குலுங்குச்சு. போனைத் திருப்பித் தங்கச்சிகிட்ட காட்டினேன். அவ படிச்சா. படிச்சதும் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்தா. போட்டுத்தான் இருந்துச்சு. மறுபடியும் தொட்டுப் பாத்தா.

என் போன்ல ஹாட்ஸ்பாட்டை முதல்ல போட்டுக் குடுத்ததே அவன்தான். குடும்பமா ஒரு தடவ வெளியூர் போனப்ப, "அக்கா, குடுங்க, நான் செட் பண்ணித் தரேன்"னு வாங்கினான். இவங்க கல்யாணத் தேதியையே பாஸ்வேர்டா வச்சான். அன்னிக்குக் கார்ல இருந்த எல்லா போனும் அதைப் போட்டு வச்சுக்கிச்சு. அப்புறம் மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்லை. மாத்தினா ஞாபகம் வச்சுக்க வேற தொல்லை. ஒரு தடவ சேந்த போன், பக்கத்துல வந்தா தானா வந்து ஒட்டிக்கும். பக்கத்துல வந்தாத்தான் ஒட்டும். அதுதான் என் தலையில இடி மாதிரி இறங்குச்சு. ஹாட்ஸ்பாட் நாலு சுவத்தைத் தாண்டி எட்டாது. அப்படின்னா அவன் இந்தக் கட்டடத்துல இருக்கான்.

"இது அவர் பாஸ்னு பேர் வச்ச பழைய போன்"னு தங்கச்சி கிசுகிசுத்தா. "தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சுன்னு சொன்னாரே."

"நீ உள்ள பூட்டிக்கோ. நான் தட்டினாத்தான் திறக்கணும்."

என் தையல் பையிலேருந்து பெரிய கத்திரிக்கோலை எடுத்துத் துப்பட்டாக்குள்ள மறைச்சுக்கிட்டு வெளிய வந்தேன். தாழ்வாரம் இருட்டா, ஈர வாடையோட கிடந்துச்சு. ஒவ்வொரு கதவா தாண்டினேன். போன்ல அந்தப் பேர் போகவே இல்லை. ஒரு ரூம்ல டிவி சத்தம். அடுத்த ரூம்ல யாரோ ஒரு ஆம்பளை இருமினான். தங்கச்சி புருஷனும் அப்படித்தான் இருமுவான், தொண்டையைச் செருமிச் செருமி. என் கால் அங்கயே ஒட்டிக்கிச்சு. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. கடையில வம்பு பண்ண வந்தவனை இஞ்ச் டேப்பாலயே அடிச்சு விரட்டியிருக்கேன். அன்னிக்கு அந்தக் கதவைத் தட்ட எனக்குத் துணிச்சல் வரலை.

ஒருவழியா கீழ வந்து லாட்ஜ்காரர்கிட்ட, எதேச்சையா கேக்கற மாதிரி, "எங்களுக்கப்புறம் யாராவது ரூம் எடுத்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"வந்தாரே, ஒருத்தர் தனியா. மாடியிலதான் குடுத்திருக்கேன். ஏன்மா, தெரிஞ்சவரா?"

"என்ன கார்ல வந்தாரு?"

"கவனிக்கலையே. நல்ல மழைல்ல."

அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டியிருக்கலை. படியேறினது ஞாபகம் இல்லை. கதவைத் தட்டினது, தங்கச்சி திறந்தது, குட்டியைப் போர்வையோட சுருட்டித் தூக்கினது, அதுதான் ஞாபகம் இருக்கு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் இறங்கி ஓடினோம். ரூம் சாவியை லாட்ஜ்காரர் மேஜையில வீசிட்டு வந்தேன். அவர் ஏதோ கூப்பிட்டார். குட்டியைப் பின்னாடி அவ திண்டுல உக்கார வச்சு, பெல்ட்டைப் போட்டு, கேட்டை விட்டு வெளிய வந்ததும் மிதிச்சேன் பாருங்க, அப்படி ஒரு மிதி.

கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டினேன். பின்னாடி ஒரு வண்டியும் இல்லை. ரோடே காலி. ரொம்ப தூரம் வந்துட்டோம்.

"அப்பாடா"ன்னேன்.

தங்கச்சி பக்கம் திரும்பிப் பாத்தேன். என் போனைக் கையில வச்சுக்கிட்டு, முகம் வெளுத்துப் போய், வாய் லேசாத் திறந்து உக்காந்திருந்தா. போனை மெதுவா என் கண்ணுக்கு நேரா நீட்டினா.

பாஸ். இன்னும் சேந்திருந்துச்சு.

பின்னாடி கார் இல்லை. பக்கத்துல வீடு இல்லை. ரெண்டு பக்கமும் மழைத் தண்ணி நிக்கற வெறும் நிலம். நாங்க ஓட ஓட அந்தப் பேரும் எங்ககூடவே ஓடி வந்துச்சு. அப்ப அவன் எங்க இருக்கான்? எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோணுச்சு. டிக்கி. தங்கச்சிக்கும் அதுதான் தோணியிருக்கு. அவ கை என் தொடையை இறுக்கிப் பிடிச்சுச்சு.

நாலு பேர் இருக்கற இடமா பாத்து நிறுத்தணும்னு, ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் உள்ள விட்டேன். ரெண்டு லாரி நின்னுச்சு, ஆளுங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. இறங்கி டிக்கிப் பக்கம் போனேன். வலது கையில கத்திரிக்கோல், இடது கையால டிக்கியைத் திறக்கணும். கை வழுக்குது. மழையா வேர்வையான்னு தெரியலை. மனசுக்குள்ள சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கிட்டே ஒரே இழுப்பா திறந்தேன்.

எங்க பைங்க. என் தையல் மிஷின். குட்டியோட பொம்மை மூட்டை. வேற யாரும் இல்லை.

சிரிப்பு வந்துச்சு எனக்கு. அழுகையும் வந்துச்சு. பைங்களை ஒண்ணொண்ணா பிதுக்கிப் பாத்தேன், மூட்டையைக் கொட்டினேன். ஒண்ணும் இல்லை. நனைஞ்சுக்கிட்டே பின்சீட்டுக் கதவைத் திறந்தேன், குட்டியைத் தூக்கிட்டுப் போய் ஒதுங்கலாம்னு.

"பெரியம்மா, சீட்டு சுடுது"ன்னா குட்டி.

காலையிலேருந்து வெயிலே இல்லாத மழை. நேத்து காலையில அடிச்ச வெயிலுக்கு இன்னிக்கு எப்படி சுடும்?

அவளைத் தூக்கித் தங்கச்சிகிட்ட குடுத்தேன். திண்டு மேல உள்ளங்கையை வச்சேன். நடுவுல சுட்டுச்சு. புரட்டிப் போட்டு ஜிப்பைத் திறந்து உறையைக் கழட்டினேன். உள்ள நான் மிஷின்ல ஓட்டின தையல் நாலு பக்கமும் அப்படியே இருக்கு. அடிப்பக்கம் மட்டும் பிரிச்சு, கையால தச்சிருக்கு. கத்திரிக்கோலை வைக்கறதுக்குள்ள நூல் முனை விரல்ல மாட்டுச்சு. ஒரே இழுப்பு, முழுக்க உருவிக்கிட்டு வந்துடுச்சு. உள்ள ஃபோமைச் சதுரமா வெட்டி எடுத்துட்டு, தடியா ஒரு பவர் பேங்க். அதோட வயர்ல மாட்டின ஒரு போன். எங்க குட்டி ரெண்டு நாளா அது மேலதான் உக்காந்து லாரிக்குக் கையசைச்சுக்கிட்டு வந்திருக்கா.

நான் கத்தறதுக்கு வாயைத் திறந்தேன். என் வாயைப் பொத்தினது தங்கச்சி கை. என்னிக்கும் இல்லாத பலம் அதுல. இன்னொரு கையில குட்டி. கண்ணாலயே போனைக் காட்டினா.

திரையில ஒரு நெட் கால் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப வந்த கால் இல்லை. காலையிலேருந்து நிக்காம ஓடிக்கிட்டிருக்கு. அவன் கூப்பிட்டா தானே எடுத்துக்கற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கான். அவன் பேச வேண்டாம். கேட்டாப் போதும். என் டேட்டாவைத் தின்னது அதுதான். நான் காசு போட்ட டேட்டாவுல, நான் அணைக்காம வச்சிருந்த ஹாட்ஸ்பாட்ல, நான் பேசினதை எல்லாம் அவன் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்திருக்கான். ஊர், தெரு, ஹாஸ்டல், ஸ்கூல். எதை விட்டேன் நான்? கேட் பக்கத்துல என்ன மரம் இருக்குங்கறது வரைக்கும் சொல்லியிருக்கேனே, பாவி.

மூச்சுக்கூட விடாம, என் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டை அணைச்சேன். அந்தப் போன்ல கால் கொஞ்ச நேரம் திணறி, கட் ஆச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் பேசலை. போனை முழுசா அணைச்சு, வயரைப் பிடுங்கி, டிக்கியில பைக்கு அடியில போட்டு மூடினப்புறம்தான் தங்கச்சி என்னைப் பாத்தா.

"கார்ல ஏறினப்புறம் நாம என்னக்கா பேசினோம்?"

யோசிச்சேன். "அப்பாடான்னேன். அவ்வளவுதான்."

"அப்ப நாம கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியாது. சிக்னல் போச்சுன்னு நெனப்பாரு."

எனக்கு அவ பேசறது பாதிதான் காதுல விழுந்துச்சு. கையில அந்த நூல் இருந்துச்சு. திண்டோட அடிப்பக்கத்துல தையல் போட்ட ஓட்டைங்க வரிசையா தெரிஞ்சுது. எல்லாம் இடது பக்கமா சாஞ்சிருந்துச்சு. இடது கையால தைக்கறவங்க தையல்தான் அப்படிச் சாயும். எங்களுக்குத் தெரிஞ்சு இடது கையால தைக்கறவங்க ஒருத்தங்கதான்.

தங்கச்சியும் அதைப் பாத்துட்டா. "அம்மாவா?"ன்னா. சின்னக் குழந்தை கேக்கற மாதிரி கேட்டா.

எங்க இருக்கீங்கன்னு அம்மா ஏன் ஒரு தடவகூட கேக்கலைன்னு எனக்கு அப்பதான் விளங்குச்சு. நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அம்மா வீட்டுக்கு அவன் வந்திருக்கான். கையைப் பிடிச்சு அழுதிருப்பான், அது அவனுக்குக் கைவந்த கலை. "குழந்தை பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும் அத்தை"ன்னு சொல்லியிருப்பான். இல்ல, மிரட்டியிருப்பான். ரெண்டுல எதுவா இருந்தா என்ன? ஊசியைப் பிடிச்சது எங்க அம்மா கை.

அப்ப என் போன் அடிச்சுச்சு. அம்மா.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "சாதாரணமா பேசுக்கா"ன்னு சொல்லிட்டுத் தங்கச்சி என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"எங்கடி இருக்கீங்க?"

சாப்டீங்களா இல்லை. குட்டி தூங்கினாளா இல்லை. எடுத்த எடுப்புல அதுதான். இத்தனை வருஷமா ஆயிரம் தடவ கேட்ட கேள்வி, அன்னிக்கு அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு.

"மழைம்மா, பெட்ரோல் பங்க்ல ஒதுங்கியிருக்கோம். சிக்னலே சரியா இல்லை. நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் எங்கடி இருப்பேன்? வீட்லதான்."

அம்மா குரலுக்குப் பின்னாடி டிக், டிக், டிக்னு ஒரு சத்தம். அது நின்னதும் வைப்பர் தேய்க்கற சத்தம். கார் திரும்பறதுக்குப் போடற இண்டிகேட்டர் எங்க அம்மா வீட்டுக்கு எப்படி வந்துச்சு? தங்கச்சி நகம் என் சதையில இறங்குச்சு. அவன் கார்ல அம்மா. ரெண்டு பேரும் எங்களைத் தேடித்தான் வந்துக்கிட்டிருக்காங்க.

"இப்ப எங்க போறீங்க?"ன்னு அம்மா கேட்டாங்க.

நான் சொன்னேன். "வேற எங்கம்மா, சிநேகிதி ஹாஸ்டலுக்குத்தான். மழை விட்டதும் கிளம்பறோம். நேரா அங்கதான்."

என் குரல் மேல ஏறினது எனக்கே கேட்டுச்சு. போச்சு. முழுசாப் போச்சு. "பொய் சொல்லாதடி" வரப்போகுதுன்னு காத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒண்ணும் வரலை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துச்சு.

"சரி"ன்னாங்க அம்மா. "பத்திரமா போங்க."

பேச்சு முடிஞ்சா அம்மா போனைக் கட் பண்ணத் தெரியாம மடியில வச்சுடுவாங்க. எத்தனை தடவ திட்டியிருக்கேன் அதுக்கு. இப்பவும் கட் ஆகலை. துணி உரசற சத்தத்துக்கு நடுவுல அவன் குரல் கேட்டுச்சு. தங்கச்சி குட்டியோட காதைப் பொத்தினா.

"என்னவாம்?"

"ஹாஸ்டலுக்குத்தானாம் மாப்ள. வேற எங்கயும் திரும்ப வேண்டாம், நேரா அங்கயே போயிடலாம்."

"நிஜமாத்தான் சொல்றாளா?"

"அவளை நான்தானே பெத்தேன். அவ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா?"

நானே கட் பண்ணிட்டேன். அதுக்கு மேல கேட்டா அழுதுடுவேன், அழுதா அங்க கேட்டுடும்.

உடனே சிநேகிதிக்கு எழுதினேன். கேட்டைப் பூட்டு, போலீஸைக் கூப்பிட்டு வாசல்லயே நிறுத்து, எந்தப் பொண்ணையும் வெளிய விடாத, நாங்க அங்க வரலை, அவன் வரான். எங்க போறோம்னு அவகிட்டகூட எழுதலை. தங்கச்சி காதுல மட்டும் ஒரு ஊர் பேரைச் சொன்னேன், அதையும் காருக்கு வெளிய நின்னு சொன்னேன். ஹாஸ்டலுக்கு நேர் எதிர்த் திசை.

குட்டியைத் திரும்ப உக்கார வைக்கணுமேன்னு திண்டைத் தட்டிச் சரி பண்ணினேன். அந்த நூல் இன்னும் என் விரல்ல சுத்தியிருந்துச்சு. அவுத்துப் பாத்தேன். முனையில முடிச்சு இல்லை. எங்க அம்மா ஒரு சட்டைப் பட்டனைக்கூட ரெண்டு முடிச்சுப் போடாம விட்டதில்லை. பல்லால கடிச்சு இழுத்தாலும் வராத முடிச்சு போடுவாங்க. இது ஒரு இழுப்புல உருவிக்கிட்டு வந்துச்சு.

தங்கச்சிகிட்ட காட்டினேன். அவ அதை வாங்கி உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா. வண்டியை எடுத்தேன். அன்னிக்கு முழுக்க நான் வாயைத் திறக்கலை. தூக்கமும் வரலை.

"பெரியம்மா, ஏன் பேச மாட்டேங்கிற?"ன்னு குட்டி கேட்டுக்கிட்டே வந்தா. நான் என்னன்னு சொல்லுவேன்? அவன் அந்தக் கேட்டுக்கு முன்னாடி போய் நிறுத்துவான். நாங்க அங்க இல்லைன்னு அவனுக்குத் தெரியற நேரத்துல, அவன் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கப் போறது எங்க அம்மா.